92 சதவீதம்: பள்ளியிலா, பதிவேட்டிலா?

கரும்பலகை: "பில்வாராவில் தன்னார்வலர்கள் 92 சதவீதப் பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார்கள்" என்று இங்கே ஒருவர் முழங்கியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. 2015 முதல் 2018 வரை ராஜஸ்தானின் பில்வாராவில் எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, பள்ளிக்கு வெளியே இருப்பதாகக் கண்ட சிறுமிகளில்தான் 92. அதுவும் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கான கணக்கு.

மலையோரம்: முழங்கியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பதிவேட்டில் ஏறாமல் வகுப்புக்குள் எப்படிங்க போவது? வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால், கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவைக் காட்டிப் பேச ஊருக்குள் ஆள் வேண்டாமா? 92 என்றால் 92.

கரும்பலகை: 4ஆம் பிரிவையும் படியுங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும், மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சியும் தரணும். சேர்க்கை ஒரு நாள் வேலை, முடிந்துவிடும். பயிற்சி மாதக்கணக்கு, நடக்காது. எழுத்தே தெரியாத 11 வயதுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் எத்தனை நாள் உட்காரும்? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிடுவார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பம் கிளம்பினால் அதுவும் போச்சு. பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். உங்கள் 92.

வம்பன்: சத்துணவு விவாதத்திலும் அண்ணன் இதே பதிவேட்டைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். 🙂

கரும்பலகை: அன்றைக்கும் பதில் வரவில்லை.

மலையோரம்: கற்றலில் இலக்கில் 160 சதவீதம் எட்டினார்களே, அது கண்ணில் படாதா?

கரும்பலகை: பட்டது. அந்தத் தேர்வு 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு, பையன்களும் சேர்த்து. 92இல் இருப்பது 7 முதல் 14 வயதுச் சிறுமிகள். கற்றலுக்கு ஒப்பிடத் திட்டம் நடக்காத வேறு ஊர்கள் வைத்திருந்தார்கள், சேர்க்கைக்கு இல்லை. பலனைப் பார்த்துப் பணம் தரும் திட்டம் அது, அந்தப் பணத்திலேயே கற்றலுக்கு 80 சதவீதம், சேர்க்கைக்கு 20. அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! மூன்றாம் ஆண்டில்தான் கற்றல் எகிறியது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலை பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள், வராத பிள்ளையின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். பாராட்டுவதானால் அதைப் பாராட்டுங்கள்.

ஒற்றைக்கோடு: இத்தனையும் சம்பளமில்லாமல்! நம் இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாயாவது கொடுத்தார்கள்.

வம்பன்: ஆயிரத்துக்குப் பெயர் சம்பளமா?

ஒற்றைக்கோடு: நீங்கள் மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், பிறகு பேசுவோம்.

மலையோரம்: சம்பளம் பேச வேறு இடம் பாருங்கள். சேர்க்காமல் கற்றல் எங்கிருந்து வரும் என்று கேட்டேன்.

கரும்பலகை: ஆறு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டையும் வீட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளியில் வேறொன்று. ஒரே பிள்ளைக்கு இரண்டு பள்ளியில் பெயர். அப்புறம் வந்து 92 என்று சொல்லுங்கள்.

மலையோரம்: 92தான்.