கிராவல் பைக்: ஆபீசுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே சைக்கிள் போதுமா? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

மேடவாக்கம் மிதிப்பவன்:

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஆபீஸ் போகிறவன் நான். கிராவல் பைக் (ரோடு பைக் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் மண், ஜல்லிப் பாதைக்கும் ஏற்ற அகல டயர்) வாங்கும்போது வீட்டில் கேட்டார்கள், ஜல்லி ரோட்டில் ஓட்டவா இவ்வளவு காசு என்று. வாசலைத் தாண்டினால் ஜல்லிதானே என்றேன், யாரும் சிரிக்கவில்லை. பைப் போடத் தோண்டி மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம், பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர், ஓரத்தில் குவிந்த மணல், ஒரு மழைக்கே பெயர்ந்துபோகும் தார். முன்பு வைத்திருந்த ரோடு பைக்கில் 25 மி.மீ. டயர், 90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று, ஒவ்வொரு குழியும் மணிக்கட்டில் ஏறித் தோளில் போய் நிற்கும். இப்போது 40 மி.மீ. டயரில் 40 பிஎஸ்ஐக்குக் கீழேதான் காற்று வைக்கிறேன் (எடை அதிகமுள்ளவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்), அதிர்ச்சியில் பாதியை டயரே வாங்கிக்கொள்கிறது. ஐப்பசி மழையில் டிஸ்க் பிரேக்கின் அருமை தனி, ரிம் நனைந்தாலும் பிடி அப்படியே இருக்கும். அதற்காகத் தண்ணீர் தேங்கிய இடத்தில் இறக்கிவிடாதீர்கள், அடியில் மூடியில்லாத மேன்ஹோல் இருந்தால் எந்த டயரும் காப்பாற்றாது.

ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் தையூர் ஏரிக்கரைப் பக்கம் போவேன். ஓ.எம்.ஆர். தாரில் சும்மா உருட்டிக்கொண்டு போய், கேளம்பாக்கம் தாண்டி மண் பாதையில் இறங்கினால் இறங்கி நடக்கவோ சைக்கிள் மாற்றவோ வேண்டியதில்லை. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வழிமறித்து, "தம்பி, இது ரேஸ் சைக்கிளா, மலையேறுற சைக்கிளா?" என்றார். ரெண்டும்தான் தாத்தா என்றேன். "ரெண்டும்னா ரெண்டும் உருப்படியா இருக்காதே!" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. ஈ.சி.ஆரில் ரோடு பைக் கூட்டம் 33, 34 கி.மீ. வேகத்தில் மகாபலிபுரம் பக்கம் பறக்கும்போது பின்னால் ஒட்டிக்கொண்டு போக எனக்கு மூச்சு வாங்குகிறது. பாறையும் வேரும் உள்ள இறக்கத்தில் சஸ்பென்ஷன் வைத்த எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) முன்னே போய்விடும். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டு எல்லையில் ஓட்டுகிறோம்? வாரத்தில் ஆறு நாள் நடுவில்தான் கிடக்கிறோம்.

அம்பத்தூர் கேரியர்:

பெரியவருக்கு என் ஓட்டு. ஆனால் யாரும் பேசாத ஒன்று, ஃப்ரேமில் இருக்கிற திருகுத் துளைகள். பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் பை, முழு மட்கார்டு, முன் ஃபோர்க்கில் கூடுதல் பாட்டில் எல்லாம் மாட்டலாம். கோயம்பேட்டில் காய்கறி வாங்கி வருவதும், அதே பையில் துணி வைத்துப் பழவேற்காடு போய் ஓர் இரவு தங்கி வருவதும் எனக்கு இதில் சாத்தியமானது. வீல்பேஸ் (இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம்) நீளம் என்பதால் சுமையோடும் ஹேண்டில் ஆடாது.

எதிரி ஒருத்தன் உண்டு, சீமைக் கருவேல முள். நம்ம ஊர் ஏரிக்கரை எதையும் விடாமல் பரவிக் கிடக்கிறது. ட்யூப் போட்டு அங்கே போனால் பஞ்சர் ஒட்டியே பொழுது போய்விடும். ட்யூப்லெஸ்ஸுக்கு மாறி சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிய பிறகுதான் நிம்மதி, முள்ளைப் பிடுங்கினால் வெள்ளையாகக் கசிந்து தானே அடைகிறது. சென்னை வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இன்னொன்று, இந்த சைக்கிள்களில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ரோட்டோரப் பஞ்சர் கடையில் காற்று அடிக்க முடியாது. கட்டைவிரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். கடல் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

வேளச்சேரி வித்யா:

ரெண்டு அண்ணன்களுக்கும் ஒரு கேள்வி. டிராஃபிக்கில் வளைந்த ஹேண்டில் பயமாக இல்லையா? ஓட்டிப் பார்த்ததில், ஓரம் விரிந்த ஹேண்டில் ஆட்டோ கண்ணாடியில் இடிக்குமோ என்ற நினைப்பிலேயே ஓட்டினேன். அதோடு, ஒரே சைக்கிளுக்கு இரண்டு ஜோடி சக்கரம் வைத்தால் வேகப் பிரச்சினை தீருமா?

மேடவாக்கம் மிதிப்பவன்:

வித்யா, கடையில் மாட்டியிருக்கும் அகலத்தை அப்படியே எடுக்காதீர்கள், தோள் அகலத்துக்கு ஏற்ற ஹேண்டிலாக மாற்றிக் கேளுங்கள். கை மேல் பகுதியில், பிரேக் லீவர் மேலேயே இருக்கட்டும், பார்வை உயரும், பிரேக்கும் விரலிலேயே இருக்கும். சக்கர யோசனை நல்லதுதான், 30 மி.மீ. வழுவழு டயர் போட்ட இன்னொரு ஜோடி இருந்தால் ஈ.சி.ஆரில் ஓரளவு ஈடுகொடுக்கலாம். இரண்டு ஜோடியிலும் ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) அளவு, ஆக்ஸில் (சக்கர அச்சு), ஃப்ரீஹப் (பின் பல்சக்கரங்கள் மாட்டும் பகுதி) ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிரேக் உரசும், கியர் தடுமாறும். பழைய சைக்கிள் வாங்குவதாக இருந்தால் டயருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மட்கார்டு மாட்டினால் அதில் இன்னும் கொஞ்சம் குறையும்.