உதவி தேவை: ‘வரி6’ என்ற மாறிக்குள் 0.08 இருக்கிறது

கேள்வி (ஜார்ஜ் டவுன், மலேசியா):
வணக்கம். இங்குள்ள ஒரு தங்கும் விடுதியின் பில் மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. அதில் சேவை வரிக்கான மாறியின் (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயரின்) பெயர் ‘வரி6’. 2024 மார்ச் 1 அன்று வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது, யாரோ பெயரைத் தொடாமல் மதிப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விடுதி உணவகமும் அதே மாறியைப் பயன்படுத்துவதால், இன்னும் 6 விழுக்காடே உள்ள சாப்பாட்டுக்கும் 8 விழுக்காடு விழுகிறது. போதாக்குறைக்கு ‘தொகை’, ‘தொகை2’, ‘கொடி’ என்றும் மாறிகள் உள்ளன. (நிரலில் ஆங்கிலப் பெயர்கள்தான், இங்கே தமிழில் தருகிறேன்.) நிரலுக்குள் விளக்கமாகக் குறிப்புரை எழுதினால் போதும் என்கிறார் மேலாளர். போதுமா?

பதில் (பாயான் லெப்பாஸ்):
போதாது, நண்பரே. கோப்பின் தலைப்பில் எழுதிய குறிப்புரை, நானூறு நிரல்வரிகளுக்குக் கீழே அந்த மாறியைப் படிப்பவரின் கண்ணில் படாது. மாறக்கூடிய மதிப்பைப் பெயரில் வைக்கவே கூடாது. 2015இல் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்து, 2018இல் மீண்டும் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பிய நாட்டில் இதைச் சொல்லவும் வேண்டுமா? முதலில் ‘அறை_சேவைவரி_விகிதம்’, ‘உணவு_சேவைவரி_விகிதம்’ என இரண்டாகப் பிரித்துப் பிழையைத் தீருங்கள். ‘தொகை’ என்பது ரிங்கிட்டா சென்னா (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு), வரிக்கு முன்பா பின்பா, ரொக்கத்துக்காக 5 சென்னுக்குச் சரிசெய்ததா என்பதையும் பெயரே சொல்ல வேண்டும்: ‘வரிக்குமுன்_சென்’, ‘ரொக்கத்தொகை_சென்’.

கேட்டவர்:
நன்றி, ஐயா. ‘கொடி’ உண்மையாக இருந்தால், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி சேர்கிறது. அதைத் தேடி ‘வெளிநாட்டவரா’ என்று எல்லா இடத்திலும் மாற்றிவிடலாமா?

பதில் (கோலாலம்பூர்):
அந்தப் பெயர் வேண்டாம். நிரந்தரவாசிகளுக்கும் அந்த வரி இல்லை என்பதால், ‘வெளிநாட்டவரா’ என்பதைப் பார்த்துப் பின்னால் வருபவர் தவறாக நிரப்புவார். ‘சுற்றுலாவரி_உண்டா’ என்பதே அந்த மாறி செய்யும் வேலை. தேடி மாற்றுவதும் ஆபத்து, ஏனெனில் ‘கொடி’ வேறு பெயர்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும். எடிட்டரில் உள்ள பெயர்மாற்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் தரவுத்தள நெடுவரிசை, ஜேசான் (தரவை எழுதும் ஒரு வடிவம்) சாவிகள், ரசீது வார்ப்புருக்கள் ஆகியவற்றில் சரமாக (வெறும் எழுத்துத் தொடராக) எழுதப்பட்ட பெயர்களை அது பெரும்பாலும் தொடாது. அவற்றை நீங்களே தேடிப் பாருங்கள். பெயர்மாற்றத்தை வரித் திருத்தத்தோடு கலக்காமல் தனிக் கமிட்டாக (தனியாகப் பதிவுசெய்யும் மாற்றமாக) இடுங்கள். கலந்தால், சரிபார்ப்பவர் பெயர் மாறிய நூற்றுக்கணக்கான நிரல்வரிகளுக்கு நடுவே அந்த ஒற்றை விகித மாற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.