அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சரிசெய்வதா, விற்பதா?

கேள்வி: 1968 கார், பத்து வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவில்லை, கதவுக்குக் கீழே துரு. விற்க மனசு வரவில்லை. செலவு செய்யலாமா?

பதில் 1: எஞ்சினை விடுங்கள், எளிய 948 சிசி, இறுகியிருந்தாலும் பிரித்துச் சரிசெய்யலாம். ஹெரால்டுக்கு சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தனி, பாடியை அதன்மேல் போல்ட் போட்டு வைத்திருப்பார்கள், அதனால் முதலில் வண்டியைத் தூக்கி, அடியில் சேசிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், துரு அரித்திருக்கிறது என்று அர்த்தம், செலவு எகிறும்.

பதில் 2: ஆர்சி புத்தகம் இருக்கிறதா? 50 வருடம் தாண்டியதால் வின்டேஜ் (பழமையான வண்டி) பதிவுக்குப் போகலாம், கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் தினமும் ஓட்ட முடியாது, சேசிஸையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது.

பதில் 3: இதன் பிரிட்டிஷ் மூல வண்டியான ட்ரையம்ப் ஹெரால்டின் உதிரிபாகங்கள் பிரிட்டனில் இன்னும் கிடைக்கின்றன, பல இதற்கும் பொருந்தும். சென்னையில் செய்த வண்டி, தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.