லேமினேட் பலகையில் இன்டார்சியா மீன்: ஓரமெல்லாம் பெயர்கிறது, அவசரம்

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 10:40
வணக்கம். ஒரே லேமினேட் பலகையை அறுத்து இன்டார்சியா (மரத்துண்டுகளை அறுத்துச் சேர்த்துப் படமாக்கும் வேலை) மாதிரி ஒரு கொடுவா மீன் செய்துகொண்டிருக்கிறேன். அறுக்கும்போது ஓரம் சில்லு சில்லாகப் பெயர்கிறது. துண்டுகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் சந்து தெரிகிறது. உப்புத்தாள் போட்டு ஓரத்தை உருட்டினால் இன்னும் அசிங்கமாகிறது. ஞாயிறு அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். யாராவது வழி சொல்லுங்கள்.

வில்லியனூர்_ஆசாரி | 11:05
தம்பி, லேமினேட் என்றால் எது? மைக்கா ஒட்டிய பிளையா, தரைக்குப் போடுகிற பலகையா, இல்லை தேக்கும் பலாவும் பட்டை பட்டையாகச் சேர்த்து ஒட்டிய மரமா? மூன்றையும் அப்படித்தான் சொல்கிறார்கள். எதை வைத்து அறுக்கிறீர்கள்? போட்டோ இருந்தால் போடுங்கள்.

முதுநகர்_ராந்தல் | 11:20
கடலூர்தானே? அப்படியென்றால் ஈரம்தான் காரணம். கடல்காற்று பட்ட பிளை உப்பிக்கொள்ளும், உப்பினால் மைக்கா பிடிப்பை விடும். இரண்டு நாள் வெயிலில் காய வைத்துவிட்டு அறுங்கள்.

வில்லியனூர்_ஆசாரி | 11:31
வெயிலில் வைக்காதீர்கள் தம்பி. ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய பிளை வில் மாதிரி வளைந்துவிடும். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கலைமரம்_லாஸ்பேட்டை | புதன், காலை 6:15
இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். இது இன்டார்சியாவே இல்லை. இன்டார்சியா என்றால் பல நிற மரங்கள் வேண்டும். ஒவ்வொரு துண்டும் மேடு பள்ளமாக இழைக்கப்பட வேண்டும். ஒரே பலகையை அறுத்து உருட்டுவதற்கு செக்மென்டேஷன் என்று பெயர். அடிப்படை தெரியாமல் அறுத்தால் இப்படித்தான் ஆகும்.

கெடிலக்கரை | காலை 8:02
மைக்கா ஒட்டிய பிளைதான். அலமாரிக் கதவில் மிஞ்சிய துண்டு. ஜிக்சா (பிளேடு மேலும் கீழும் ஓடும் கை மெஷின்) வைத்து அறுக்கிறேன்.

மணவெளி_மாலா | 8:30
ஒரு பக்கம் மைக்காவா, இரண்டு பக்கமுமா? பிளை எத்தனை மில்லிமீட்டர்? மைக்கா பக்கம் மேலே இருக்கும்படி வைத்தா அறுத்தீர்கள்?

கெடிலக்கரை | 8:41
12. ஒரு பக்கம். ஆமாம், மேலேதான்.

வில்லியனூர்_ஆசாரி | 9:50
சரி, இப்போது புரிகிறது. சாதாரண ஜிக்சா பிளேட்டின் பல் மேல்நோக்கி இருக்கும். அது ஏறும்போதுதான் வெட்டும், அப்போது மேல் முகத்தை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால்தான் மைக்கா பெயர்கிறது. பலகையைக் குப்புறப் போட்டு, மைக்கா பக்கம் கீழே இருக்க அறுங்கள். அடியில் வேண்டாத பிளைத் துண்டு ஒன்றைச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு இரண்டையும் ஒன்றாக அறுத்தால் இன்னும் சுத்தமாக வரும். பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் ஆர்பிட்டல் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும், பல் நெருக்கமான பிளேடு போடுங்கள். பின்னாலிருந்து அறுப்பதால் படத்தைத் திருப்பி ஒட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் மீன் எதிர்ப்பக்கம் பார்க்கும்.

அடுத்தது ஓரம். மைக்காவின் கனமே சுமார் 1 மில்லிமீட்டர்தான். மரம் போலத் தெரிவது மெலமைன் பிசின் ஊறிய ஒரு தாள். அதற்குக் கீழே பீனாலிக் பிசின் ஊறிய பழுப்புக் காகிதம் அடுக்கடுக்காக இருக்கும். உருட்ட உருட்ட அந்தப் பழுப்பும், அப்புறம் பிளையின் பட்டையும் வெளியே வரும். மரத்தை இழைப்பது போல இதை இழைக்கவே முடியாது. மெல்லிய அரத்தை 45 பாகை சாய்த்து, முகத்திலிருந்து கீழ்நோக்கி மட்டும் தள்ளுங்கள். மேல்நோக்கி இழுத்தால் சில்லு பெயரும். தையல் நூல் கனத்துக்குப் பழுப்புக் கோடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தக் கோடு எல்லாத் துண்டிலும் ஒரே அளவாக இருந்தால் மை போட்டு வரைந்தது போல அழகாக இருக்கும்.

சந்து வரத்தான் செய்யும். ஜிக்சா பிளேடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தின்னும். அதை மறைக்கப் பார்க்காதீர்கள். அடிப்பலகைக்குக் கறுப்பு அடித்துவிட்டு, துடுப்பை அப்படியே ஒட்டுங்கள். உடம்புத் துண்டுகளுக்கு அடியில் 3 மில்லிமீட்டர் பிளையும், செவுள் மூடிக்கு 6 மில்லிமீட்டரும் வைத்து உயர்த்துங்கள். உயரம் மாறிவிட்டால் சந்து நிழலாகிவிடும்.

மணவெளி_மாலா | 10:20
கலைமரம் ஐயா சொன்னதற்கு ஒன்று. இத்தாலியின் குப்பியோ அரண்மனை அறை 15ஆம் நூற்றாண்டு இன்டார்சியா. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலமாரிக் கதவு திறந்திருப்பது போலத் தெரியும், ஆனால் சுவர் முழுவதும் தட்டை. மேடு பள்ளமாக இழைப்பது பிற்காலத்து வழக்கம். அது இல்லாவிட்டால் இன்டார்சியாவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

கலைமரம்_லாஸ்பேட்டை | 11:00
அந்த அறையிலும் பல மரங்கள்தான் இருக்கின்றன. தட்டையாக வேண்டுமென்றால் நம் மைசூர் இழைப்பு வேலையைப் பாருங்கள். ஈட்டி மரத்தில் குழி தோண்டி நிற மரத்தைப் பதிக்கிறார்கள், சந்தே தெரியாது. அச்சடித்த காகிதத்தை அறுப்பதற்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுக்கலாமா?

மணவெளி_மாலா | 11:25
மிஞ்சிய துண்டில் கற்றுக்கொள்கிறவரை அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. பதினான்காம் லூயி காலத்தில் பிரெஞ்சுத் தச்சர்கள் ஆமையோட்டையும் பித்தளையையும் அடுக்கி ஒரே அறுப்பில் வெட்டி, ஒன்றின் துண்டை மற்றொன்றின் குழியில் வைத்தார்கள். தம்பியும் செய்யலாம். பலகையை இரண்டாக வெட்டி, ஒன்றின் ரேகை நீளவாக்கிலும் மற்றதன் ரேகை குறுக்கிலும் போகும்படி அடுக்கி அறுத்தால், ஒரே மைக்காவில் இரண்டு சாயல் கிடைக்கும்.

முதுநகர்_ராந்தல் | 11:40
ஈரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பின்பக்கமும் ஒரு மைக்கா ஒட்டாவிட்டால் மழைக்காலத்தில் மீன் வளையும்.

வில்லியனூர்_ஆசாரி | 12:10
அது சரிதான் அண்ணே. அடிப்பலகைக்கு இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துவிடுங்கள் தம்பி.

கெடிலக்கரை | சனி, இரவு 11:52
குப்புறப் போட்டு அறுத்தேன், பெயரவில்லை. வால் மட்டும் உடைந்தது, திரும்ப அறுத்தேன். செவுளை உயர்த்தியதும் உயிர் வந்துவிட்டது. ஆசாரி அண்ணே, மாலா அக்கா, நன்றி.

வில்லியனூர்_ஆசாரி | ஞாயிறு, காலை 5:30
மகிழ்ச்சி தம்பி. சுவரில் மாட்டியதும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், செவுளின் நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

மணவெளி_மாலா | அடுத்த வியாழன், மாலை 4:05
போட்டோ என்ன ஆயிற்று தம்பி?