ஒளியைக் கணினியில் கணிக்கும் ஆய்வு: திருகோணமலையிலிருந்து எப்படித் தொடங்குவது?

உப்புவெளி மாணவி

வணக்கம். நான் திருகோணமலையில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படித்தேன். இரண்டின் மீதும் எனக்கு இன்றும் விருப்பம் குறையவில்லை. சென்ற ஆண்டு குடும்பத்துடன் புறாத்தீவுக்குப் படகில் போனபோது, ஆழம் குறைந்த இடத்தில் கடலடி மணல்மீது ஒளி ஒரு வலையைப்போல நெளிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அதையே பிளெண்டர் என்ற முப்பரிமாணப் படமாக்கும் மென்பொருளில் செய்ய முயன்றேன். நீர் வந்தது, மணல் வந்தது, ஒளிவலை மட்டும் வரவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகளே வந்தன. காரணத்தைத் தேடிப்போன இடத்தில்தான் இதற்கென்றே ஓர் ஆய்வுத்துறை இருப்பதை அறிந்தேன். இத்துறை ஆய்வாளரின் வாழ்க்கை எப்படிப்பட்டது, அதற்கு நான் இப்போதே என்ன செய்யவேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்வீர்களா? என்னிடம் இருப்பது கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மடிக்கணினி. பட்டம் முடிந்ததும் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்வதே நல்லது என்று அப்பா நினைக்கிறார். அவருக்கும் நான் பதில் சொல்லவேண்டும்.

சீனன்குடாக் கதிர்

தங்கைக்கு வணக்கம். நானும் திருகோணமலையில் வளர்ந்தவன். ஐரோப்பாவில் இத்துறையில் கலாநிதிப் பட்டம் முடித்து, இப்போது ஆய்வாளராகப் பணியாற்றுகிறேன். உங்கள் கணினியில் வராமற்போன ஒளிவலை, எங்கள் துறையில் பலரை ஆண்டுக்கணக்கில் வேலைவாங்கிய ஒன்று.

கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து படத்தைக் கணிக்கும் பாதைத்தேடல் (path tracing) முறையில் ஒளிக்கதிரை ஒளிமூலத்திலிருந்து அனுப்பாமல் கமராவிலிருந்து அனுப்புகிறோம். அது நீரில் முறிந்து மணலில் படுகிறது. வெளியில் கிடக்கும் மணலாக இருந்தால், பட்ட இடத்திலிருந்து சூரியனை நோக்கி ஒரு நேர்கோடு இழுத்து ஒளியைக் கணக்கிட்டுவிடலாம். இடையில் அலையும் நீர்ப்பரப்பு இருக்கும்போது அக்கோடு முறிந்து வேறு திசையில் போய்விடுவதால், எழுமாற்றாகப் புறப்பட்ட கதிர் தற்செயலாகச் சூரியனில் போய்ப் பட்டால்தான் உண்டு. சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை; வான அரைக்கோளத்தில் அது அடைக்கும் இடம் கிட்டத்தட்ட 90,000 இல் ஒரு பங்கு. பட்ட சில கதிர்கள் கண்ணைப் பறிக்கும் புள்ளிகளாகின்றன, படாதவை இருளாகின்றன. நீங்கள் பார்த்தவை அப்புள்ளிகளே. கதிர்களைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றால், பிழை பாதியாகக் குறைவதற்கே நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். பத்திலொன்றாகக் குறைய நூறு மடங்கு வேண்டும்.

இந்தக் கணக்கின் அடித்தளத்தை 1986 இல் ஜேம்ஸ் கஜியா ஒரே தொகையீட்டுச் சமன்பாடாக எழுதினார். அதற்குப்பின் வந்த ஆய்வுகளிற் பெரும்பகுதி, அதே தொகையீட்டின் பெறுமதியைக் குறைந்த கதிர்களால் எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றியது. ஹென்ரிக் வான் ஜென்சன் 1996 இல் ஒளிமூலத்திலிருந்தும் போட்டன்கள் என்ற ஒளித்துகள்களை அனுப்பி, அவை விழுந்த இடங்களைச் சேமித்துவைக்கும் வழியைக் காட்டினார்; உங்கள் மணலுக்கு மிகவும் பொருந்தும் வழி அது. கதிர்களை எழுமாற்றாகத் தெரிவுசெய்யும் வெவ்வேறு முறைகளைத் தக்க நிறைகொடுத்து ஒன்றிணைக்கும் முறையை எரிக் வீச் தம் ஆய்வில் வகுத்தார். அவருடைய கலாநிதி ஆய்வேடு 1997 இல் வந்தது. ஆஸ்கர் விருதுகளை வழங்கும் கலைக்கழகம் அவருக்குத் தொழில்நுட்ப விருது அளித்தது 2014 இல். இடைப்பட்ட 17 ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கை.

நாளாந்த வேலை அழகிய படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அன்று. ஒருமுறை என் நிரலில் பை (π) என்ற ஒரு காரணி விடுபட்டுப்போயிற்று. படம் இயல்பாகவே தோன்றியதால் அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் சென்றன. விழும் ஒளி முழுவதையும் தெறிக்கும் ஒரு பொருளை, எத்திசையிலிருந்தும் ஒரே அளவு ஒளி வரும் சூழலில் வைத்தால் அது பின்னணியில் கரைந்து மறையவேண்டும். மறையாவிட்டால் கணக்கு எங்கோ பிழை. அன்றுமுதல் இச்சோதனையைச் செய்யாமல் எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை. என் முதற் கட்டுரை இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டாம் முறை அதை வாசித்தவர்கள் சொன்னது சரியென்று ஆறு மாதங்கள் கழித்தே எனக்குப் புரிந்தது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஜேர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாளராகவே சேர்க்கப்படுகிறார். கடன்பட்டுப் படிக்கவேண்டிய படிப்பன்று இது.

பாலையூற்று வாணி

நான் வெளிநாட்டில் திரைப்படங்களுக்கான ஒளியூட்டல் மென்பொருளில் பொறியியலாளராக இருக்கிறேன். மேலே அண்ணா எழுதியவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கலாநிதிப் பட்டம் ஒன்றே வாசல் என்று தங்கை எண்ணிவிடக்கூடாது. என்விடியா, பிக்சார், வீற்றா போன்ற கிராபிக்ஸ், திரைப்பட நிறுவனங்களில் ஆய்வாளர்களுக்குப் பக்கத்தில், அவர்கள் கண்டதை வேகமாக ஓடவைக்கும் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். கட்டடங்களுக்குள் பகலொளி எவ்வளவு வரும் என்று கணிக்கும் துறையும் உண்டு. அதற்கான றேடியன்ஸ் என்ற மென்பொருளை அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில் கிரெக் வார்ட் உருவாக்கினார். பங்குனி வெயிலில் யன்னலைச் சாத்திவிட்டு மின்விளக்கைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தும் நம்மூர் வகுப்பறைகளை நினைக்கும்போது, இந்த வேலையை இங்கேயே செய்ய ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கிராபிக்ஸ் கார்ட் இல்லை என்று தயங்கவேண்டாம். 200க்கு 200 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு படத்துக்குச் சாதாரணக் கணினியே போதும். ஃபார், ஜேக்கப், ஹம்ஃப்ரீஸ் ஆகியோர் இத்துறைக்கு எழுதிய Physically Based Rendering என்ற பாடநூலின் நான்காம் பதிப்பு 2023 இல் வெளிவந்தது. அதை இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். நிகழ்தகவு அத்தியாயத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

பிள்ளை, வாணி சொன்ன கடைசி வரியை நானும் வலியுறுத்துகிறேன். தொகையீட்டை விதிகளின்படி செய்துமுடிக்கப் பழகிய பிள்ளைகள், விதியே கைகொடுக்காத தொகையீட்டைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். சதுரத்துக்குள் ஒரு கால்வட்டம் வரைந்து, எழுமாற்றாகப் புள்ளிகளைப் போட்டு, பையின் பெறுமதியைக் கண்டுபாருங்கள். நூறு புள்ளி, நானூறு புள்ளி, ஆயிரத்து அறுநூறு புள்ளி என்று போட்டு, ஒவ்வொன்றையும் பலமுறை செய்து, பிழை எப்படிக் குறைகிறது என்பதை வரைபாகக் கீறுங்கள். அப்பாவிடம் ஓர் ஆண்டு அவகாசம் கேளுங்கள். அந்த ஆண்டில் செய்ததை அவர் கண்ணாற் பார்க்கும்படி வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.

உப்புவெளி மாணவி

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் சேருக்கும் நன்றி. சேர் சொன்னதை இரண்டு இரவுகளில் செய்தேன். நான்கு மடங்கு புள்ளிகளுக்குச் சராசரிப் பிழை ஏறத்தாழப் பாதியாவதை வரைபில் கண்டேன். பின்னர் ஒரு பெட்டி, ஒரு கோளம், ஒரு விளக்கு மட்டும் உள்ள சிறு பாதைத்தேடல் நிரல் ஒன்றை எழுதி, அண்ணா சொன்ன சோதனையையும் அதில் ஓட்டினேன். கோளம் மறையவில்லை, சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது. எங்கோ ஒரு காரணி பிழைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகே நீர்ப்பரப்பைச் சேர்க்கப்போகிறேன்.