ருமேனியாவில் ரோமா மக்கள் நடுவே ஊழியம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்களேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் வரும் கோடையில் இரண்டு வாரம் ருமேனியாவின் க்ளுஜ் நகரத்துக்குப் போகிறோம். அங்குள்ள ஒரு சிறிய சபையோடு சேர்ந்து ரோமா (ஜிப்சிகள் என்று பலர் அழைக்கும் இனம்) பிள்ளைகளுக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தவும், வீடுகளைச் சந்தித்து ஜெபிக்கவும் திட்டம்.

அந்த நகரத்தின் குப்பைமேட்டை ஒட்டி பாத்தா ரிட் என்ற குடியிருப்பு இருக்கிறது. 2010 டிசம்பர் குளிரில் நகரின் நடுவிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோமா குடும்பங்களும் அங்கேதான் கொண்டுபோய் விடப்பட்டன. அதைப் படித்த நாளிலிருந்து மனசு கேட்கவில்லை. ருமேனிய மண்ணில் ரோமா மக்கள் 1850-கள் வரை அடிமைகளாக வாங்கி விற்கப்பட்டார்கள் என்பதும் எனக்கு இதுவரை தெரியாது.

அவர்கள் மொழி ரொமானி. மூக்குக்கு 'நாக்', தண்ணீருக்கு 'பானி', இந்தி மாதிரியே. இந்தி தெரிந்த தங்கச்சி ஒருத்தி எங்கள் குழுவில் இருப்பது எவ்வளவு நல்லது!

சரி, நான் கேட்க வந்த உதவிக்கு வருகிறேன். அங்கே ஊழியம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ரொமானி மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, ருமேனிய மொழி போதுமா? போட்டோ எடுப்பதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? காட்சிப்பொருளாக்கிவிட்டு வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. கையில் என்ன கொண்டுபோகலாம்? பரிசுப்பொருளை நாங்களே கொடுப்பதைவிட உள்ளூர் பாஸ்டர் கையில் ஒப்படைப்பதுதான் சரி என்று தோன்றுகிறது. அப்புறம், இந்திய பாஸ்போர்ட்டுக்கு ருமேனிய விசா சமீபத்தில் எடுத்தவர்கள் எவ்வளவு நாள் ஆனது என்று சொல்லுங்கள்.

பணம் கேட்கவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.