கேப்சூல் ஹோட்டலில் நான்கு இரவு: சரிப்படுமா, படாதா?

வழிப்போக்கன்:
பெருநகரத்துக்குப் போனால் எங்கே தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சொல்வது கேப்சூல் ஹோட்டல்தான். அறைகளுக்குப் பதிலாக, ஒருவர் படுக்கும் அளவுள்ள பெட்டிகளை மேலும் கீழுமாக அடுக்கி வைத்த விடுதி அது. சமீபத்தில் ஒன்றில் நான்கு இரவு தங்கினேன். என் பெட்டி சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், உட்கார்ந்தால் தலை தட்டாத உயரம். உள்ளே மெத்தை, விளக்கு, சார்ஜ் போட பிளக், காற்று வர ஒரு துவாரம். குளியலறையும் கழிப்பறையும் பொது. அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு பத்துக்குத்தான் திரும்புவேன். இடையில் அந்த அறை எவ்வளவு பெரிதாக இருந்தால் எனக்கென்ன? அதே காசுக்கு அறை வேண்டுமென்றால் புறநகருக்குத்தான் போக வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நான்கு நாளில் எட்டு மணி நேரம் ரயிலிலேயே போய்விடும். நான் தங்கியதோ ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. வயதானவர்களும் குழந்தைகளும் கூட இல்லையென்றால், தனி அறைக்குக் கொடுக்கும் பணம் வீண் என்றே நினைக்கிறேன்.

கயல்விழி:
ஒரு இரவு என்றால் ஒத்துக்கொள்வேன். நான்கு என்பதில்தான் எனக்குச் சண்டை.

இது பிறந்த கதையைப் பாருங்கள். முதல் கேப்சூல் ஹோட்டல் 1979இல் ஜப்பானின் ஒசாகா நகரில் உமேதா பகுதியில் திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆட்கள். குளித்துத் தூங்கி, காலையில் எழுந்து நேராக அலுவலகம் போவார்கள். கையில் ஒரு பை இருந்தால் அதிகம். அந்த ஒற்றை இரவுக்காக அளந்து செய்த இடத்தில் நாம் பெரிய பயணப் பெட்டியோடு போய் இறங்குகிறோம்.

நான் மூன்று இரவு தங்கினேன். விடுதியின் பெயர் வேண்டாம், இந்த விதிகள் பல இடங்களிலும் உள்ளவைதான். லாக்கரில் கோட்டும் கைப்பையும் மட்டுமே நுழைந்தன. பெட்டியை வரவேற்பறைப் பக்கம் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கச் சொன்னார்கள். மாற்றுத்துணி எடுக்க ஒவ்வொரு முறையும் அங்கே போய், நாலு பேர் நடக்கிற இடத்தில் பெட்டியைத் திறந்து துழாவ வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை சுத்தம் செய்யும் நேரம், யாரும் உள்ளே இருக்கக்கூடாது. ஐந்து மணி நேரம் நாற்காலியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசு கொடுத்த இடத்தில் படுக்க முடியவில்லை என்ற வேதனை இன்னும் போகவில்லை.

வழிப்போக்கன்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உடம்பு சரியில்லாதவரை அப்படி உட்கார வைத்தது தவறு, விதி என்னவாக இருந்தாலும் சரி. ஆனால் அது அந்த ஊழியர்களின் தவறு. படுக்கும் இடம் சிறியது என்பதால் வந்த கஷ்டம் இல்லையே? பெட்டி விஷயத்துக்கு வழி உண்டு. ரயில் நிலைய லாக்கரில் பெட்டியைப் போட்டுவிட்டு, நான்கு நாளுக்கான துணியை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொண்டேன்.

கயல்விழி:
அந்த லாக்கருக்கும் தினமும் காசு. மிச்சம் பிடித்ததாகச் சொன்னீர்களே, அந்தக் கணக்கில் இதையும் சேருங்கள். அப்புறம், நல்ல உடம்போடு இருக்கும்போது எல்லா இடமும் நல்ல இடம்தான். தங்குமிடம் எப்படிப்பட்டது என்பது உடம்புக்கு முடியாத அன்றுதான் தெரியும்.

செங்காந்தள்:
கயல் அக்கா சொல்லும் காய்ச்சல் கதை எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வழிப்போக்கன் பக்கம்தான் நிற்பேன், காரணம் வேறு.

தனியாகப் பயணம் போகும் பெண் நான். மலிவான தனி அறைகளில் இரவு முழுக்க முழித்திருந்த அனுபவம் உண்டு. ஒருமுறை நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டினார்கள். தவறான அறை எண்ணாகக்கூட இருந்திருக்கலாம். நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்ப காலத்தில் பல கேப்சூல் ஹோட்டல்களில் ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. இப்போது பெண்களுக்குத் தனித் தளம் வைத்த இடங்கள் நிறைய. நான் தங்கியதில் லிஃப்டே தனி, அந்தத் தளத்தின் அட்டையைக் காட்டினால்தான் நகரும். படுத்தபோது என்னைச் சுற்றி முப்பது பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் முப்பது பேர் எழுந்திருப்பார்கள். வெளியூரில் அப்படி நான் தூங்கியதே இல்லை.

ராஜாளி:
பூட்டே இல்லாத இடத்தில் என்ன பாதுகாப்பு? வெறும் திரைச்சீலை! உள்ளே இருப்பவர் தூங்கும்போது யார் வேண்டுமானாலும் கையை நீட்டலாம். அதே குரோகாவா டோக்கியோவில் கட்டிய கேப்சூல் ஹோட்டலையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மக்களுக்கு இது ஒத்துவரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

செங்கல்சுவர்:
கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, நீங்கள் சொல்வது நககின் கேப்சூல் கோபுரம். அது ஹோட்டலே இல்லை. 1972இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் கட்டிய குடியிருப்பு. 140 கேப்சூல்கள், ஒவ்வொன்றும் சுமார் பத்து சதுர மீட்டர், உள்ளேயே குளியலறை, பெரிய வட்ட ஜன்னல். 25 ஆண்டுக்கு ஒருமுறை கேப்சூல்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டலாம் என்பது திட்டம். ஒருமுறைகூட மாற்றவில்லை. பழுதாகிப் பழுதாகி 2022இல் இடித்தார்கள். கேப்சூல் ஹோட்டலில் தூங்கும் பெட்டியின் அளவோ சுமார் இரண்டு சதுர மீட்டர். அந்தக் கோபுரத்தை வைத்து இதைத் தீர்ப்பு சொல்ல முடியாது.

இரண்டாவது, பூட்டு. ஜப்பானில் கேப்சூலைத் தனி அறையாகக் கணக்கிடுவதில்லை. பலர் சேர்ந்து தங்கும் அறையில் உள்ள ஒரு படுக்கை என்றே வைத்திருக்கிறார்கள். பூட்டுப் போட்டு மூடினால் அது அறையாகிவிடும், அறைக்கு உரிய விதிகள் எல்லாம் வந்து சேரும். தீ பிடித்தால் உள்ளே இருப்பவர் சட்டென்று வெளியே வர வேண்டும், அசந்து தூங்குபவரை வெளியிலிருந்து உலுக்கி எழுப்பவும் முடிய வேண்டும். என்னைக் கேட்டால் அந்தத் திரைச்சீலைதான் உயிரைக் காக்கும். பணத்தையும் பாஸ்போர்ட்டையும் லாக்கரில் வையுங்கள்.

எங்கே தங்கினாலும் படுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அவசர வழி எது என்று பார்த்து, அங்கே போக எத்தனை கேப்சூலைத் தாண்ட வேண்டும் என்று கையால் தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது.

ராஜாளி:
கோபுர விஷயத்தில் தவறு என்னுடையது, திருத்தியதற்கு நன்றி. பூட்டு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதில் மாற்றமில்லை.

கயல்விழி:
தூக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? திரைச்சீலை ஒலியைத் தடுக்காது. குறட்டையைவிட மோசம் அதிகாலை அலாரம். பிளாஸ்டிக் சுவரை ஒட்டி வைத்த போன் அதிர்ந்தால் பக்கத்துப் பெட்டியில் இருப்பவருக்குத் தலைக்குள்ளேயே அதிர்வதுபோல் இருக்கும். விமானத்தைப் பிடிக்கிறவர்கள் நாலரை மணிக்கே பாலிதீன் பையைக் கசக்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாம் இரவில் காது அடைப்பானும் கைகொடுக்கவில்லை.

வழிப்போக்கன்:
இதை மறுக்க மாட்டேன். எனக்கும் இரண்டாம் இரவு அப்படித்தான் போனது. அடுத்த நாள் அருங்காட்சியகத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

கயல்விழி:
ரயிலில் போகாமல் காப்பாற்றிய இரண்டு மணி நேரத்தை அந்த பெஞ்சுக்குத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

வழிப்போக்கன்:
ஒரு நாள் அப்படி. மற்ற மூன்று நாளும் நகரம் முழுக்க நடந்தேன். அதை விட்டுத்தர மனமில்லை.

மழைக்குருவி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு உண்மையாகவே உதவி தேவை. குறுகிய, மூடிய இடம் என்றாலே எனக்குப் பயம், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பாதியிலேயே நிறுத்தச் சொன்னவன் நான். நண்பர்கள் நால்வர் சேர்ந்து போகிறோம், அவர்கள் கேப்சூலில் இரண்டு இரவுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சமாளிக்க முடியுமா?

செங்காந்தள்:
இரண்டு வகை இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள். ஒன்றில் குறுகிய முனையிலிருந்து உள்ளே தவழ்ந்து போக வேண்டும். தலை ஆழத்தில் இருக்கும், வெளிச்சம் கால் பக்கம் மட்டும். மற்றதில் நீளவாட்டில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், ரயில் படுக்கை மாதிரி. உங்களுக்கு இரண்டாவதுதான் ஏற்றது. முதல் வகைதான் என்றால் தலையணையை வாசல் பக்கம் மாற்றிப் போட்டுப் படுங்கள். மேல் அடுக்கு வேண்டாம். நள்ளிரவில் பதற்றத்தோடு ஏணியில் இறங்குவது ஆபத்து.

கயல்விழி:
நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டாம் இரவைக் காசு இழக்காமல் ரத்து செய்ய எது கடைசி நாள் என்று பார்த்து வையுங்கள். பக்கத்தில் சாதாரண அறை உள்ள விடுதி ஒன்றின் எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வழிப்போக்கன்:
கீழ் அடுக்கில் நடைபாதை விளக்கு கண்ணில் படும். திரையை முழுக்க மூடாமல் ஒரு சாண் விட்டால் உங்களுக்கு அந்த வெளிச்சமே துணையாக இருக்கும். கண்ணை மூடும் பட்டையைக் கொண்டு போகாதீர்கள்.